தலைமாட்டில் சில தாள்கள்

"படுத்துக்கொண்டு படிக்காதே, கண் கெட்டுப் போகும்" என்று அதட்டும் பெரியவர்கள் இல்லாத வீடு நாட்டில் குறைவு. அதட்டியும் பயனில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து, தலையணையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, நாலு பக்கமாவது புரட்டினால்தான் தூக்கம் வரும் என்பவர்கள் எல்லா மொழியிலும் உண்டு. படிக்கிற பழக்கத்திலேயே சொகுசானது இதுதான். பகலின் பாடு முடிந்துவிட்டது. இனி யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. புத்தகம் கை நழுவி மார்பில் விழுந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்தச் சொகுசுக்குச் சில முன்தேவைகள் உண்டு. தனக்கென்று ஒரு படுக்கை வேண்டும். பக்கத்தில் ஒரு விளக்கு வேண்டும். அந்த விளக்கு எரிவதால் தூக்கம் கெடுகிறவர் யாரும் அதே அறையில் இருக்கக் கூடாது. இந்தியாவின் மிகப் பெரிய வாசகர்களில் ஒருவருக்கு இந்த மூன்றும் சேர்ந்து வாய்க்க நெடுங்காலம் ஆயிற்று. அவர் பி.ஆர். அம்பேத்கர். படுக்கைக்கும் புத்தகத்துக்கும் இடையே அவர் வாழ்நாள் முழுக்க ஒரு வழக்கு நடந்துகொண்டே இருந்தது. பெரும்பாலும் ஜெயித்தது புத்தகம். செலவுத் தொகையைக் கட்டியது உடம்பு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள். பம்பாயில் மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பரேல் பகுதி. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ராம்ஜி சக்பாலின் குடும்பம் அங்கே ஒரு 'சால்' கட்டடத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தது. சமையல், சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாமே அந்த அறைக்குள்தான். அடுப்புப் புகை ஒரு பக்கம், தட்டுமுட்டுச் சாமான்கள் ஒரு பக்கம். அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் அந்த அறையை விவரிக்கும்போது இரண்டு விஷயங்களைக் குறிப்பிடுகிறார்: சிறுவன் பீமின் தலைமாட்டில் ஒரு திருகைக் கல், கால்மாட்டில் கட்டியிருந்த ஓர் ஆடு.

இந்த அறையில் மகனைப் படிக்க வைக்க ராம்ஜி ஓர் ஏற்பாடு செய்தார். மாலை கழிந்ததும் மகனைச் சீக்கிரமே படுக்கச் சொல்லிவிடுவார். தான் விழித்துக்கொண்டிருப்பார். இரவு 2 மணிக்கு மகனை எழுப்பி உட்கார வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் போய்ப் படுப்பார். அலாரம் கடிகாரத்தின் வேலையை அந்த வீட்டில் தந்தையே பார்த்தார். கண்ணாடிக் கூடு இல்லாத மண்ணெண்ணெய் விளக்கின் ஆடும் வெளிச்சத்தில் பையன் விடியும்வரை படிப்பான். ஊர் உறங்கும் அந்த நேரத்தில் மட்டுமே அந்த அறை படிப்பறையாக முடிந்தது.

புத்தகம் வாங்கும் விதமும் இதே போலத்தான். மகன் கேட்ட புத்தகத்துக்குக் கையில் காசில்லை என்றால் ராம்ஜி மணமாகிப் போன தன் மகள்களின் வீட்டுக்கு நடப்பார். பணம் இருந்தால் கடன் வாங்குவார். இல்லாவிட்டால் மகளின் நகையை வாங்கி அடகு வைத்துப் புத்தகத்தோடு திரும்புவார். பென்ஷன் வந்ததும் நகை மீட்கப்படும். அக்காமார்களின் நகைகள் அடகுக் கடைக்குப் போய் வந்த கதையை அம்பேத்கர் பிற்காலத்தில் நெகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

வீட்டில் இடமில்லை என்பது ஒரு பாதிதான். வெளியிலும் இடமில்லை. சதாராவில் பள்ளிக்குப் போன காலத்தில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார அனுமதி கிடையாது. உட்கார ஒரு கோணியை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். மாலையில் சுருட்டி எடுத்து வர வேண்டும். பள்ளியைச் சுத்தம் செய்யும் வேலையாள்கூட மஹர் பையனின் கோணியைத் தொட மாட்டார். பம்பாய்க்கு வந்த பிறகு பள்ளி விட்டதும் சர்னி ரோடு பூங்காவுக்குப் போய்ப் படித்துக்கொண்டிருப்பான் சிறுவன். அங்கே அவனைக் கவனித்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர். ஆசிரியர், மராத்தி எழுத்தாளர். பேச்சுக் கொடுத்தார், படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். பையன் பரீட்சையில் தேறியதற்காக நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தான் எழுதிய புத்தரின் வாழ்க்கை வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் இன்னொரு வேலை இருந்தது. அது 50 வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

1907இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷனில் 750க்கு 282 மார்க் வாங்கித் தேறினார். இன்றைய மார்க் கணக்கில் எந்தக் கல்லூரி வாசலிலும் நிற்க முடியாத எண் அது. அந்த 282ஐ இரவு 2 மணி, மண்ணெண்ணெய் விளக்கு, திருகைக் கல் ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மூன்று வருடத்தில் ஏறக்குறைய 2,000 பழைய புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார் என்கிறார் கீர். அவை எல்லாம் இந்தியா வந்து சேரவில்லை. 1917இல் அவர் ஊர் திரும்பும்போது மூட்டை முடிச்சுகளை ஏற்றி அனுப்பிய வேறொரு கப்பல் போரில் டார்ப்பிடோவால் தாக்கப்பட்டு மூழ்கியது. அதற்குக் கிடைத்த நஷ்ட ஈட்டுப் பணம் பிழைப்புக்கு உதவியது.

மறுபடி 1920இல் லண்டன். பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசக சாலையில் காலையில் நுழைந்தால் மூடும்போதுதான் வெளியே வருவார். மதியச் சாப்பாட்டுக்குக் காசும் கிடையாது, நேரமும் கிடையாது. இரவு அறைக்குத் திரும்பி மறுபடி படிக்க உட்கார்ந்தால் 10 மணிக்குப் பசி கிள்ளும். தெரிந்தவர் ஒருவர் கொடுத்த அப்பளக் கட்டிலிருந்து நாலு அப்பளத்தைத் தகரத் தட்டில் சுட்டு, போவ்ரில் என்ற இறைச்சிச் சாற்றை ஒரு கோப்பை குடித்துவிட்டுப் படிப்பைத் தொடர்வார். அறை நண்பர் நடு இரவில் கண் விழித்துப் பார்த்தால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். போய்த் தூங்கு என்றால், தன் வறுமைக்கும் கையில் இருக்கும் அவகாசத்துக்கும் தூக்கம் கட்டுப்படியாகாது என்று பதில் வரும். பரேலில் தந்தை எழுப்பிவிட்ட பையன் இப்போது படுக்கவே மறுத்தார்.

30 வயதில் இது பிடிவாதம். 50 வயதில் அதுவே வியாதியாகி நின்றது.

இடையில் வசதியும் வந்தது. 1930களின் முதல் பாதியில் தாதரின் ஹிந்து காலனியில் சொந்த வீடு கட்டினார். பெயர் ராஜகிருஹம். புத்தர் காலத்து மகத நாட்டின் தலைநகர்ப் பெயர் அது. குடும்பம் குடியிருக்க ஒரு தளம், புத்தகங்கள் குடியிருக்க ஒரு தளம் என்ற கணக்கில் கட்டிய வீடு. ஒரே அறையில் ஆட்டோடும் அடுப்போடும் படித்தவர் புத்தகங்களுக்குத் தனி மாடி கொடுத்தார். தலைமாட்டில் விளக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஆயிரக்கணக்கான புத்தகங்கள், தடுக்க யாருமில்லாத இரவு. அந்தச் சொகுசு ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதை அனுபவிக்க வேண்டிய தூக்கம் மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

நீரிழிவு, மூட்டு வாதம், கால் நரம்புகளில் தீராத வலி. 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெருங்கிய நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில் இரவைக் கண்டாலே அஞ்சும் ஒரு மனிதர் தெரிகிறார். வலி இரவில்தான் வருகிறது. வந்தால் விடியும்வரை போவதில்லை. நாள் கணக்கில் கண் மூடவில்லை என்று எழுதுகிறார். அந்தக் கடிதங்களின் தேதியைக் கவனிக்க வேண்டும். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் என்ற முறையில் அவர் முதல் வரைவை அரசியல் நிர்ணய சபைத் தலைவரிடம் ஒப்படைத்தது 1948 பிப்ரவரி 21 அன்று. நாட்டின் அடிப்படைச் சட்டம் உருவான நாட்களும் அதை உருவாக்கியவர் தூக்கமில்லாமல் புரண்ட நாட்களும் ஒன்றுதான்.

இதைச் சபையில் எடுத்துச் சொன்னவர் சென்னையிலிருந்து போன உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1948 நவம்பர் 5 அன்று பேசும்போது, குழுவில் நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர் ராஜினாமா செய்துவிட்டார், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் அமெரிக்கா போய்விட்டார், ஒருவர் அரசு அலுவல்களில் மூழ்கிவிட்டார், ஓரிருவர் தில்லியிலிருந்து தொலைவில் இருந்தார்கள், உடல்நலமும் இடம் கொடுத்திருக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். முடிவில் வரைவுச் சுமை அம்பேத்கரின் தோளில்தான் விழுந்தது என்றார். உடல்நலம் இடம் கொடுக்காதவர்கள் வரிசையில் அம்பேத்கரையும் சேர்த்திருக்கலாம். அவர் விடுப்பு எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதே ஆண்டு ஏப்ரலில் அவர் மணந்துகொண்டது ஒரு மருத்துவரை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

1951இல் மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலகிய பிறகு தில்லியில் 26, அலிப்பூர் ரோடு வீட்டில் வசித்தார். கண் பார்வையும் மங்கத் தொடங்கியது. வேறு எந்த நோயையும் விட அவரைக் கலங்கடித்தது இதுதான். படிக்க முடியாமல் போகும் ஒரு வாழ்க்கையை அவரால் யோசிக்க முடியவில்லை. இந்த நிலையில்தான் புத்தரைப் பற்றிய பெரிய நூலை எழுதிக்கொண்டிருந்தார். வேலை சுமார் ஐந்து வருடம் இழுத்தது. மருத்துவர்கள் நம்பிக்கை இழந்த கட்டங்களும் இடையில் வந்து போயின. படுக்கை ஒருவழியாக அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் படுக்கையையே மேஜையாக்கிக்கொண்டார்.

1956 செப்டம்பர் 14 அன்று பிரதமர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது புத்தரின் 2500ஆவது ஆண்டு விழா நடந்த வருடம். புத்தகத்தை அச்சிட ஆகும் செலவு தன் சக்திக்கு மீறியது, நூலகங்களுக்கும் விழாவுக்கு வரும் அறிஞர்களுக்கும் கொடுப்பதற்காக அரசு 500 பிரதிகள் வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார். மறுநாளே பதில் வந்தது. விழா வெளியீடுகளுக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது, கடிதத்தை விழாக் குழுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கு அனுப்புகிறேன் என்று நேரு எழுதியிருந்தார். புத்தகம் ஆசிரியரின் ஆயுளில் வெளிவரவில்லை. அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் அவர் பௌத்தம் தழுவியபோதும் அது தட்டச்சுத் தாள்களாகவே இருந்தது.

அந்தத் தாள்களைத் தட்டச்சு செய்தவர்களில் ஒருவர் நானக் சந்த் ரத்து. அரசு அலுவலக வேலை முடிந்து மாலையில் அலிப்பூர் ரோடு வீட்டுக்கு வந்து உதவியவர். 1956 டிசம்பர் 5 இரவைப் பற்றி அவர் சொன்ன விவரங்கள்தான் பிற்கால வரலாறுகளுக்கெல்லாம் ஆதாரம்.

அன்று மாலை சமணப் பிரதிநிதிகள் சிலர் வந்து பேசிவிட்டுப் போனார்கள். பிறகு ரத்து அவருடைய கால்களைப் பிடித்துவிட்டார், தலைக்கு எண்ணெய் தேய்த்தார். அம்பேத்கர் கண்ணை மூடிக்கொண்டு புத்த சரணத்தை முணுமுணுத்தார். கொஞ்சம் சோறு சாப்பிட்டார். அலமாரிகளிலிருந்து சில புத்தகங்களை எடுத்துப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கபீர் பாடல் ஒன்றைத் தனக்குள் பாடிக்கொண்டே படுக்கையறைக்குப் போனார். ராம்ஜி சக்பால் கபீர் பந்தி. பரேல் அறையில் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தது கபீரின் பாடல்களைத்தான்.

இரவு 11 மணிக்கு மேல் ரத்து சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பும் முன் கடைசியாக ஒரு வேலை வந்தது. புத்தர் நூலுக்கு எழுதிய முன்னுரை, அறிமுகம் ஆகியவற்றின் தட்டச்சுப் பிரதிகள், ஆச்சார்ய ஆத்ரேக்கும் எஸ்.எம். ஜோஷிக்கும் எழுதிய கடிதங்கள் ஆகியவற்றை எடுத்துத் தலைமாட்டு மேஜையில் வைக்கச் சொன்னார். இரவில் படித்துப் பார்த்துத் திருத்துவதற்காக. ரத்து வைத்துவிட்டுப் போனார். டிசம்பர் 6 காலையில் அம்பேத்கர் எழவில்லை. தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது. அவருக்கு வயது 65.

அந்த முன்னுரையில் என்ன இருந்தது? இந்த நூலை எழுதத் தூண்டியது எது என்று கேட்பவர்களுக்காகத் தன் பள்ளிப் பருவத்துக்குப் போகிறார் அம்பேத்கர். தந்தை பிள்ளைகளை உட்கார வைத்து இதிகாசங்களைப் படிக்கச் சொன்னதையும், கேளுஸ்கர் பரிசளித்த புத்தர் வரலாற்றையும், அதைப் படித்ததும் மனம் திரும்பியதையும் சொல்கிறார். கடைசி இரவில் தலைமாட்டில் இருந்த தாள்கள், முதன்முதலில் கையில் கிடைத்த ஒரு புத்தகத்துக்கு எழுதிய நன்றிக் கடிதம். தன் உயிரைப் பிடித்து வைத்திருந்த மனைவிக்கும் இன்னொரு மருத்துவருக்கும் அதே முன்னுரையில் நன்றி சொல்லியிருக்கிறார்.

1957இல் புத்தகம் வெளிவந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை. 1980இல் பகவான் தாஸ் அதைத் தேடி எடுத்து அச்சில் கொண்டுவரும்வரை பெரும்பாலான வாசகர்களுக்கு அது எட்டவில்லை. 23 வருடம் புத்தகம் ஒரு பக்கமும் அது பிறந்த கதை ஒரு பக்கமுமாக இருந்தன.

மேதையின் இரவுகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு ஆபத்து உண்டு. தூக்கத்தைத் துறந்து படித்ததால்தான் உயர்ந்தார், நீயும் அப்படிச் செய் என்று பிள்ளைகளுக்கு அதை ஒரு நீதிக் கதையாக்கிவிடுவது சுலபம். காலண்டர் படங்களும் பேச்சுப் போட்டிகளும் வருடந்தோறும் அதைத்தான் செய்கின்றன. அம்பேத்கர் தூக்கத்தைத் துறந்தது விருப்பத்தினால் அல்ல. பகலில் அவருக்குப் படிக்க இடம் கொடுக்காத ஊர், அதை அவருடைய இரவிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னது. அவர் எடுத்துக்கொண்டார். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று, வட்டியோடு.

அந்தக் கடன் இன்னும் வசூலாகிக்கொண்டுதான் இருக்கிறது. நகரங்களில் ஒற்றை அறை வீடுகளில் தொலைக்காட்சி நின்று, எல்லாரும் படுத்த பிறகு புத்தகத்தைப் பிரிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். மும்பையின் பல குடியிருப்புகளில் 'அப்யாசிகா' என்ற பொதுப் படிப்பறைகள் இருப்பது இதனால்தான். நாலு சுவர், மேஜை, மின்விசிறி, ராத்திரியிலும் எரியும் விளக்கு. வீட்டில் கிடைக்காததை வீதிக்கு ஒன்றாகக் கொடுக்கும் ஏற்பாடு. எங்கே பொது ஏற்பாடு இல்லையோ அங்கே வியாபாரம் நுழைகிறது. தில்லியில் ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படிக்க வரும் இளைஞர்கள் ஒரு கட்டில் மட்டுமே கொள்ளும் வாடகை அறைகளில் தங்கி, படிப்பதற்குத் தனியாக மாதக் கட்டணம் கட்டி நாற்காலி பிடிக்கிறார்கள். 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் நிலவறைக்குள் மழை வெள்ளம் புகுந்து மூன்று பேர் இறந்தார்கள். சாமான்கள் வைக்க மட்டுமே அனுமதி பெற்ற அந்த நிலவறை நூலகமாக நடந்துவந்தது. அந்த மூவரும் அங்கே போனது படிக்க ஓர் இடம் தேடி.

ஒவ்வொரு டிசம்பர் 6 அன்றும் மும்பை தாதரில் உள்ள சைத்யபூமிக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். முந்தின நாளே ரயிலேறி வந்து சிவாஜி பூங்காவில் இரவைக் கழிப்பவர்கள் அவர்களில் பலர். பூங்காவைச் சுற்றிப் புத்தகக் கடைகள் வரிசையாக முளைக்கும். கூலி வேலை செய்பவர்கள்கூடக் குனிந்து விலை கேட்டு வாங்கிப் போவதைப் பார்க்கலாம். பூவும் மாலையும் வேண்டாம், ஒரு நோட்டும் ஒரு பேனாவும் கொண்டு வாருங்கள் என்று சில வருடங்களாக ஒரு வேண்டுகோளும் பரவியிருக்கிறது. சேருகிற நோட்டுகள் ஏழைப் பிள்ளைகளுக்குப் போகின்றன.

அந்த நோட்டுகளும் புத்தகங்களும் கடைசியில் போய்ச் சேரும் வீடுகளில் பலவற்றில் இன்றும் ஓர் அறைதான். யார் முதலில் தூங்குவது, யார் எத்தனை மணிக்கு எழுந்து விளக்கைப் போடுவது என்று அங்கே பேசி முடிவு செய்கிறார்கள். ராம்ஜி சக்பால் போட்டுக் கொடுத்த கால அட்டவணைக்கு 100 வருடத்துக்கு மேல் ஆகிறது. அது இன்னும் காலாவதியாகவில்லை.